இரண்டு நிமிடம், அதற்கு மேல் கூடாது

மீடியா பாடத்துக்கு ஒரு த்ரில்லர் படத்தின் தொடக்கம்.
தொடக்கம் மட்டும்.
இரண்டு நிமிடம் தாண்டினால் மதிப்பெண் குறையும்.
முடிவை யோசிக்க வேண்டாம் என்றதும்
யாசிர்தான் அதிகம் சந்தோஷப்பட்டான்.

ஷார்ஜா, அபுஷகாரா,
எங்கள் கட்டடத்தின் இரண்டாம் பேஸ்மெண்ட்.
வியாழன் இரவு பத்தேகால்.
ஏசிக் குழாய் சொட்டுவதை
ரத்தம் சொட்டுவதற்காகப் பதிவு செய்துகொண்டோம்.
நாற்பத்தேழாம் தூணருகே ஒரு நிசான்,
பதினான்கு மாதமாக யாரும் எடுக்காதது.
ஓட்டியவர் வங்கிக் கடனை விட்டுவிட்டு
ஒரு விடியலில் விமானம் ஏறினாராம்.
பெயர் யாருக்கும் தெரியவில்லை.
பின்சீட்டில் குழந்தை நாற்காலி
இன்னும் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது.

"செம லொகேஷன்" என்றாள் ரெனிட்டா.
கண்ணாடித் தூசியில் விரலால்
'ஓடு' என்று எழுத வேண்டும்.
எந்த மொழியில் என்று சண்டை.
தமிழில் எழுதினால் அது கூரைக்குப் போடுவதும்தான்.
"அரபியில் எழுது, அப்பதான் பயமா இருக்கும்."
யாசிர் டிரைபாடிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்:
"என் அம்மா மளிகைச் சீட்டு எழுதும் எழுத்து அது."
கொஞ்ச நேரம் குழாய் மட்டும் சொட்டியது.
கடைசியில் 47 என்று எழுதினோம்.
ஏன் என்று யாராவது கேட்டால்
மர்மம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

கொலைகாரனுக்குக் காலணி மட்டும்தான்:
என் அப்பாவின் சேஃப்டி ஷூ,
வலது குதிகால் தேய்ந்தது,
அவர் தூங்கும் நேரத்தில் திருடி வந்தது.
பிணத்துக்குத்தான் ஆள் இல்லை.

கார் கழுவும் ஷொஹேல் பாய்
வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.
"கொலை பண்றேன். எத்தனை வேணும்னாலும் பண்றேன்.
செத்துப் படுக்க மாட்டேன்."
ஐம்பது திர்ஹம் என்றோம்.
நூறு என்றோம், எங்களிடம் இல்லாத நூறு.
ஊரில் அவள் எப்படியாவது பார்த்துவிடுவாள் என்றார்,
இங்கே படுத்தவனை அங்கே பெட்டியில்தான் இறக்குவார்கள்,
விளையாட்டுக்கும் வேண்டாம்.
அவர் சொன்னது இந்தியில்.
யாசிருக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை.
அவன் தன் ஜாக்கெட்டைத் தரையில் விரித்தான்,
எனக்காக.

படுத்தேன்.
கன்னத்தில் சிமெண்ட், டயர் வாசனை.
நிசானுக்கு அடியில் ஒரு பூனை,
மூன்று குட்டிகளோடு,
பதினான்கு மாதமாக நகராத கூரையின் கீழிருந்து
என்னைப் பார்த்தது.
நான் செத்திருப்பதை அது நம்பவில்லை.

ஷூ வந்தது.
டக், சர்க். டக், சர்க்.
தேய்ந்த குதிகால்.
எனக்குப் பயம் வரவில்லை.
எழுந்து குழம்பைச் சூடாக்க வேண்டும்போல் இருந்தது.
"கட்! பிணம் எதுக்குச் சிரிக்குது?"

மறுபடி.
ஷொஹேல் பாயால் மெதுவாக நடக்க முடியவில்லை.
விடிவதற்குள் முப்பத்திரண்டு கார்.
அந்தக் கால்களுக்கு அதுதான் வேகம்.
"மெதுவா, பாய், நீங்க கொல்ல வர்றீங்க."
"அதான், சீக்கிரம் முடிச்சுட்டுப் போலாம்."

ஏழாவது டேக்கில்
சரிவில் ஹெட்லைட் இறங்கியது.
ஒரு பெண் கத்திய கத்தல்
எங்கள் படத்தில் எதிலும் இல்லாத தரம்.
திரும்பிப் பார்த்தால் பாயைக் காணவில்லை.
கம்பெனிக்குத் தெரிந்தால் விசா போகும்.
வாளி மட்டும் நின்றது,
தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டு.
யாசிர் கேமராவை நிறுத்தவில்லை.
அதுதான் எங்கள் கடைசி ஷாட்.
தேர்வாளருக்கு அது பிடித்திருந்தது,
வாளி எதன் குறியீடு என்று தெரியாமலே.

அந்த ஷூவைத் தேடி விடியற்காலை
வீட்டையே புரட்டிப்போட்ட அப்பாவின் கதை தனி.

ஞாயிற்றுக்கிழமை பாய் வந்து
வாளியைக் கேட்டார். பிறகு படத்தைக் கேட்டார்.
ஐமோவில் அனுப்பினாராம்.
இரண்டு நிமிடமும் பார்த்துவிட்டு
அவர் மனைவி ஒன்றே ஒன்று கேட்டாளாம்:
ஷூ புதுசா வாங்கினீங்களா?

ஆமாம் என்று சொல்லியிருக்கிறார்.